ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் பழைய கியரைக் குப்பையாக்குவது ஆன்லைன் ஆர்பிஜி கேம்களில் நியாயமா?

நியாயம்தான்: எக்ஸ்பான்ஷன் (புதிய பகுதிகளோடு வரும் பெரிய விரிவாக்கம்) வந்தால் பழைய கியர் (ஆயுதம், கவசம்) மதிப்பிழக்கட்டும். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் தூக்கம் கெட்டு எடுத்த ஏதோ ஒன்று இந்த முறை அடிபட்டிருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலை நானும் பட்டவன்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நான் வாரியர் டேங்க், அதாவது எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறவன். 40 பேர் சேர்ந்து மோல்டன் கோர் என்ற ரெய்டுக்கு (பெரிய கூட்டுச் சண்டைக்கு) போன காலம். ஐரோப்பிய சர்வர், அவர்களுக்கு மாலை என்றால் நமக்கு நடுராத்திரி. அங்கே கோலமாக் என்ற பாஸுக்கு (பெரிய எதிரிக்கு) இரண்டு நாய்கள் உண்டு. பாஸ் சாகும்வரை அவையும் சாகாது, எவ்வளவு அடித்தாலும் உயிர் திரும்ப ஏறிவிடும். அதில் ஒன்றைப் பிடித்து ஓரமாக நிறுத்திவைப்பது என் வேலை; பாஸை அடிக்கிற பெருமை இன்னொருத்தனுக்கு. டயர் 1 என்ற உயர்தரத் தொகுப்பின் மார்புக்கவசம் அந்த பாஸிடம்தான் விழும், அதுவும் எந்த கிளாஸுக்கு (வாரியர் போன்ற பாத்திர வகைக்கு) என்பது அன்றைய அதிர்ஷ்டம். ரெய்டு போனால் குழுவில் கிடைக்கும் டிகேபி புள்ளிகளைத் தொடாமல் சேர்த்துவைத்து ஒருவழியாக வாங்கினேன்.

2007 ஜனவரியில் பர்னிங் குரூசேட் என்ற எக்ஸ்பான்ஷன் வந்தது. அதன் புதிய பகுதியான ஹெல்ஃபயர் பெனின்சுலாவில் சாதாரண குவெஸ்டுகளுக்குக் (சின்னச் சின்ன வேலைகளுக்குக்) கொடுத்த பச்சைக் கவசங்கள் என் உயர்தர ஊதாக் கவசத்தைத் தூக்கிச் சாப்பிட்டன. பச்சை என்றால் அதுவரை கடையில் தள்ளிவிடுகிற ரகம்!

ஆனால் என் சித்தி பையன் அப்போதுதான் சேர்ந்திருந்தான். 58ஆம் லெவலைத் தொட்டதும் நேராக அந்தப் புதிய பகுதிக்கு என்னோடு வந்துவிட்டான். பழைய கணக்குப்படி அவன் மோல்டன் கோர், பிளாக்விங் லேர், நாக்ஸ்ராமஸ் என்று ரெய்டு ரெய்டாக ஏறி வருவதற்குள் நான் கேமையே விட்டிருப்பேன்.

உடனே ‘கில்ட் வார்ஸ் 2 கேமைப் பார்’ என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். 2012 நவம்பரில் வந்த அசெண்டட் என்ற உச்ச ரக கியருக்கு மேல் அங்கே பலத்தின் எண் ஏறவேயில்லை; வருஷக்கணக்கில் விட்டுத் திரும்பினாலும் அதே கவசம் செல்லும். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. எண் ஏறுவதைப் பார்த்தே பழகிய எனக்கு அது உப்பில்லாச் சாப்பாடு.

என் கோபமெல்லாம் 2016இல் வார்கிராஃப்டின் லீஜன் எக்ஸ்பான்ஷனோடு வந்த டைட்டன்ஃபோர்ஜிங் மேல். எது விழுந்தாலும் அதன் ஐட்டம் லெவல் (பலத்தைக் காட்டும் எண்) குருட்டு அதிர்ஷ்டத்தில் எகிறலாம். ரெய்டு ஃபைண்டர் என்ற எளிய முறையில் தூங்கி வழிந்தவனுக்கு விழுந்தது, நாம் ஹீரோயிக் என்ற கடின முறையில் மல்லுக்கட்டி எடுத்ததைத் தாண்டிப் போகும். தேடிய பொருளே கிடைத்தாலும் ‘இன்னும் கொஞ்சம் எகிறியிருக்கலாமே’ என்று மனசு அடித்துக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் வந்தால் எல்லோருடைய பழைய கியரும் ஒரே நாளில் போகிறது, அதைத் தாங்கலாம். இது தினமும் நடந்த சூதாட்டம். 2020 ஜனவரியில் எடுத்தார்கள். எடுத்த அதே பேட்ச்சில் (அப்டேட்டில்) கரப்ஷன் என்று இன்னொரு லாட்டரி!



நீங்கள் ஆடுவது எந்த கேம் என்று போடவில்லை. அதிலும் இப்படி ஒரு லாட்டரி இருந்தால் சொல்லுங்கள், அதற்கு நான் உங்கள் கட்சி.