கார்ன்ஸ் கவுண்ட்டி நிலத்துக்கு எண்ணெய்க் குத்தகை: கையெழுத்துக்கு முன்

கேள்வி: என் சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம். ஆஸ்டினில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். 2014-இல் டெக்சாஸ் மாநிலம் கார்ன்ஸ் கவுண்ட்டியில் 80 ஏக்கர் வாங்கினேன். கனிம உரிமையில் பாதியை விற்றவர் தமக்கே நிறுத்திக்கொண்டதாகக் கிரயப் பத்திரம் சொல்கிறது. போன மாதம் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் லேண்ட்மேன் (நிறுவனத்துக்காகக் குத்தகை பேசுபவர்) வந்து, ஏக்கருக்கு 1,500 டாலர் போனஸ், பதினாறில் மூன்று பங்கு ராயல்டி, மூன்றாண்டுக் குத்தகை என்று பேசி, மூன்று பக்க அச்சுப் படிவத்தைக் கொடுத்துச் சென்றார். எல்லாருக்கும் இதே படிவம்தானாம். பத்து நாளில் பதில் வேண்டுமாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் வருகிறதே, கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்தப் படிவத்தில் போட வேண்டாம். முதலில் உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கையெழுத்துக்காகத் தரும் போனஸ் என்பது நிலத்தின் ஏக்கருக்கு அல்ல, உங்கள் பெயரில் உள்ள நிகரக் கனிம ஏக்கருக்கு. பாதி உரிமை விற்றவரிடம் இருப்பதால் உங்களுடையது 40 ஏக்கர். தொகை 60,000 டாலர். அவருக்கும் முந்தைய உரிமையாளர் யாரேனும் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த 40-உம் குறையலாம். கவுண்ட்டி கிளார்க் அலுவலகத்தில் மூலப் பத்திரங்களைப் பின்னோக்கிப் பார்த்தால்தான் அது தெரியும்.

ஊர் நினைவில் ஒரு குழப்பம் வரக்கூடும் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். நரிமணத்தில் எண்ணெய் எடுத்தால் நிலக்காரருக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தியதற்கான ஈடுதான். ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. டெக்சாஸில் அடியில் உள்ள எண்ணெய் தனியாருக்கே சொந்தமாக இருக்கலாம்; நிலத்திலிருந்து பிரித்து விற்கவும் செய்யலாம். ஆகவே இங்கு நீங்கள் மனுக் கொடுப்பவர் அல்லர், விற்பவர். விற்பவர் விலை பேசலாம், வாசகத்தையும் பேசலாம்.

அந்தப் பேச்சில் போனஸ் ஒருமுறை வரும் தொகை. எண்ணெய் விற்பனையில் உங்கள் பங்கான ராயல்டிதான் கிணறு ஓடும் காலம் முழுவதும் வருவது. பலருடைய நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் துளையிடும் 640 ஏக்கர் யூனிட்டில் உங்கள் 40 ஏக்கர் சேர்க்கப்பட்டு, ஒரு மாதத்தில் பத்து லட்சம் டாலருக்கு எண்ணெய் விற்றதாக வைத்துக்கொள்வோம். பதினாறில் மூன்று பங்கு ராயல்டியில் உங்களுக்கு 11,718 டாலர் 75 சென்ட். கால் பங்கென்றால் 15,625 டாலர். அந்த ஒரு மாத வேறுபாடே 3,900 டாலருக்கு மேல். உங்கள் கவுண்ட்டிக்கு அடியில் ஓடும் ஈகிள் ஃபோர்டு எண்ணெய்ப் பாறை அடுக்கில் 20 முதல் 25 விழுக்காடு வரை பேசி வாங்குவது வழக்கம். லேண்ட்மேன் எழுதிவந்த 18.75 விழுக்காடு பேச்சின் தொடக்கப் புள்ளிதான்.

ஆனால் விழுக்காட்டைவிட, அது எந்தத் தொகையின்மீது கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் படிவத்தில் ‘கிணற்றடியில் சந்தை மதிப்பு’ என்ற சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். அவை இருந்தால், எரிவாயுவைச் சுத்திகரிக்கவும் அழுத்தவும் குழாயில் கொண்டுசெல்லவும் ஆகும் செலவில் உங்கள் பங்கு கழிக்கப்படும். ‘எந்தக் கழிவும் கூடாது’ என்று அதே பத்திரத்தில் எழுதிக்கொண்டாலும் போதாது: 1996-இல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் வழக்கில், கிணற்றடி மதிப்பு என்பதிலேயே அந்தச் செலவுகள் ஏற்கெனவே நீங்கிவிட்டதால் கழிவுத் தடைக்கு வேலையே இல்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாறாக 2021-இல் புளூஸ்டோன் வழக்கில், அச்சுப் படிவம் கிணற்றடி மதிப்பைச் சொன்னாலும், நிறுவனம் பெறும் மொத்தத் தொகையின்மீதே ராயல்டி என்று இணைப்புத் தாள் சொன்னதாலும், முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்ற ஷரத்து இருந்ததாலும், நிலக்காரர்கள் வென்றார்கள். படிவத்தோடு நீங்கள் சேர்க்கும் இணைப்புத் தாளிலும் இவ்விரண்டும் இருக்க வேண்டும். அச்சிலுள்ள கிணற்றடிச் சொற்களை அடித்துச் சுருக்கொப்பமும் வாங்கிவிடுங்கள்.

‘எல்லாருக்கும் இதே படிவம்’ என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. எண்ணெய்க் குத்தகைப் படிவங்களில் வழக்கமாக அச்சிடும் ‘புரொடியூசர்ஸ் 88’ என்ற தலைப்பின் கீழேயே எத்தனையோ விதமான வாசகங்கள் புழங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குத்தகை எடுப்பவரின் வசதிக்காக எழுதப்பட்டவை.

அடுத்து, மூன்றாண்டு என்பது மூன்றாண்டு அல்ல. அந்தக் காலத்துக்குள் கிணறு தோண்டி, செலவு போக லாபம் தரும் அளவில் எண்ணெய் வந்துகொண்டிருந்தால், குத்தகை முடிவின்றி நீளும். யூனிட்டின் ஒரு மூலையில் ஒரே கிணறு ஓடினாலும் உங்கள் 80 ஏக்கரும் எல்லா ஆழங்களும் கட்டுண்டு கிடக்கும்; வேறொரு நிறுவனம் கூடுதல் போனஸ் கொடுக்க வந்தாலும் கொடுப்பதற்கு உங்களிடம் ஒன்றுமிராது. லூசியானாவின் குரோலி நகர வழக்கறிஞர் பியூ 1947-இல் எழுதிய ஷரத்து இதற்காகத்தான் பிறந்தது. இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. யூனிட்டில் சேராத நிலம் முதல் மூன்றாண்டுக் காலம் முடிந்ததும் விடுபட வேண்டும் என்று அதைக் கேளுங்கள். அதோடு ஆழப் பிரிப்பும் வேண்டும்: ஈகிள் ஃபோர்டுக்கு மேலேயே ஆஸ்டின் சாக் அடுக்கு இருப்பதால், கீழடுக்கில் எடுப்பவர் மேலடுக்கையும் சும்மா பிடித்துவைத்திருக்க விடக்கூடாது. இரண்டாண்டு நீட்டிப்பு உரிமை கேட்டால், முதல் போனஸுக்குக் குறையாத தொகை முன்பணமாக வரட்டும்.

நிலமும் உங்களுடையது என்பதால் இன்னொன்றும் உண்டு. டெக்சாஸில் கனிம உரிமைக்கு மேற்பரப்பு உரிமையைவிட மேலிடம். 1971-இல் கெட்டி ஆயில் வழக்கில், நிறுவனத்தின் உயரமான பம்புகள் சுழலும் பாசனக் கருவிக்கு இடையூறாக நின்றதால் ஒரு விவசாயி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஏற்கெனவே நடக்கும் பயன்பாட்டுக்கு நியாயமான அளவு இடம் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அவரால் வந்தது; ஆனால் அது வழக்காடிப் பெற வேண்டிய பாதுகாப்பு. மேற்பரப்பில் எந்தப் பணியும் கூடாது, அடியில் கிடையாகத் துளையிட்டுக்கொள்ளலாம் என்று இணைப்பில் எழுதுவதே சுலபம்.

உரிமைக்கு உத்தரவாதம் தரும் ஷரத்தை அடித்துவிடுங்கள்; அவர்களுடைய பத்திர ஆய்வின் தவறு உங்கள் தலையில் விழக்கூடாது. மூடிவைத்த கிணற்றுக்குக் கொடுக்கும் சிறு தொகையால் குத்தகையை நீட்டிக்க அதிகபட்சம் இரண்டாண்டு என்று வரம்பு வையுங்கள். போனஸுக்கு வருமான வரி உண்டு, முழுத்தொகையையும் செலவழித்துவிடாதீர்கள்.

பத்து நாள் கெடு பற்றி: பொதுவாக அந்தக் கெடு பேச்சுக்கு ஒரு உத்திதான். இருந்தாலும், முற்றிலும் மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விற்றவர் தம் பாதியைக் குத்தகைக்கு விட்டால், உங்கள் ஒப்புதல் இல்லாமலே நிறுவனம் அங்கு துளையிடலாம். அப்போது செலவு போக எஞ்சும் லாபத்தில்தான் உங்கள் பங்கு கிடைக்கும். எனவே அவரிடமும் பேசி, இருவரும் ஒரே ஷரத்துகளைக் கேட்டால் பேரம் வலுக்கும். பக்கத்து நிலத்தாருக்குத் தரும் சிறந்த விலை உங்களுக்கும் பொருந்தும் என்ற ஷரத்தையும் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடலாம்.

கையெழுத்துக்குக் கைம்மாறாக லேண்ட்மேன் காசோலை தராமல் ‘டிராஃப்ட்’ ஒன்றை நீட்டக்கூடும். இது நம்மூர் வங்கி டிராஃப்ட் போன்றதல்ல. நிறுவனம் பத்திரத்தை ஆய்ந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே, பெரும்பாலும் 30 வங்கி நாளுக்குப் பிறகு, பணமாகும் தாள். பணம் வராமலே உங்கள் குத்தகை கவுண்ட்டியில் பதிவாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தை மூன்றாம் நபரிடம் ஒப்படைத்து, பணம் உங்கள் கணக்கில் ஏறிய பின்னரே அவர் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.