கறுப்புக் கல் வெளுத்த கதை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: புது வீட்டுக் கூடத்தில் கடப்பா கல் பதித்தோம். சிமென்ட் கறை போகக் கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவினார். கல் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிட்டது. இன்னொரு முறை ஊற்றினால் சரியாகுமா?
- வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: ஊற்றாதீர்கள். முதல் முறை போனது கல்லின் மெருகு. அடுத்த முறை போவது கல்லாகவே இருக்கும். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பாத்ரூம் ஆசிட் என்று கேனில் விற்கப்படுவது நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதை ஊற்றியவுடன் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு வெளியேறுவதாக மகிழ்கிறோம். உண்மையில் கல் கரைவதால் கரியமில வாயு கிளம்புகிறது. ஆந்திரத்துத் தாடிபத்ரி, பேதம்செர்லா கற்களும், ராஜஸ்தானத்துக் கோட்டா கல்லும், மார்பிளும் இந்த வகையில் ஒன்றுதான். கிரானைட் ஓரளவு தாங்கிக்கொள்வதால், எல்லாக் கல்லும் தாங்கும் என்று முடிவுகட்டி, எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேனைச் சாய்க்கும் பழக்கம் நம் தமிழக-ஆந்திர எல்லைப்புற ஊர்களில் வேரூன்றிவிட்டது. பதிக்கும்போதே, சிமென்ட் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்திருந்தால் ஆசிட்டுக்கு வேலையே இருந்திருக்காது. அந்தச் சிறு உழைப்பை மிச்சம் பிடித்துவிட்டு, கழுவியதற்குத் தனிக் கூலியும் கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இனி மிஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவதே வழி. கூலி பாக்கி இருந்தால், அந்தச் செலவைப் பேசித் தீர்த்தபின் கொடுங்கள். இன்னொன்று: ஆசிட் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது, உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு வெளிவரும்.

கேள்வி: மார்பிள் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தி வெள்ளைத் தடம் விழுந்துவிட்டது. எந்தக் கறைநீக்கி வாங்கலாம்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். அது கறை அன்று, எலுமிச்சையின் அமிலம் கல்லைத் தின்ற அரிப்பு. பாலிஷ் போடுபவரை அழையுங்கள்.

கேள்வி: ஆந்திரப் பக்கத்துக் கடை ஒன்றில் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் வாங்கினேன். சில மாதங்களிலேயே வெளிறிவிட்டது. சோப்பு சரியில்லை என்று கடைக்காரர் என்னையே குறை சொல்கிறார்.
- வாசகி, திருத்தணி

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பது இந்தத் தொழிலில் தெரிந்த தந்திரம். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, மேடையின் கண்ணில் படாத ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம். அதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். எல்லை தாண்டி வந்து இவர் எங்கே வழக்குப் போடப்போகிறார் என்ற தைரியம் கடைக்காரருக்கு இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இடம் எதுவாயினும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. பில் தர மறுத்திருந்தால், அதையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கையாகவே கருதுகிறது. மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: வாசல் சுவரில் ஒட்டிய கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மேலே வார்னிஷ் போன்ற பூச்சு அடித்தால் நிற்கும் என்கிறார்கள்.
- வாசகர், சித்தூர்

பதில்: நிற்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம், சிமென்ட்டின் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. மேலே படலம் போட்டால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிப் படலத்தைத் தள்ளும். நான் வாங்கி அடித்த பூச்சு ஒரே மழைக்காலத்தில் பால் நிறமாகி உரிந்தது. மீதி டப்பா பரணில் கிடக்கிறது, வேண்டுமானால் இலவசமாகத் தருகிறேன். உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறதென்று முதலில் கண்டுபிடியுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபின், மேலே படலமாக நிற்காமல் கல்லுக்குள் ஊறும் வகைச் சீலரைப் பூசலாம்.

கேள்வி: வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துக் கல்லை வரவழைத்துப் பதித்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறமாகத் தெரிகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், நகரி

பதில்: இயற்கைக் கல் அப்படித்தான் இருக்கும். லாரியிலிருந்து இறக்கிய அன்றே தரையில் பரப்பிப் பார்த்திருக்க வேண்டியதை, சிமென்ட் போட்டுப் பதித்தபின் பார்த்துவிட்டு யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?

கேள்வி: கல் தரையைத் தினமும் எதைக் கொண்டு துடைக்கலாம்?
- வாசகி, அரக்கோணம்

பதில்: முதலில் பெருக்குங்கள், செருப்போடு வரும் மணல்தான் மெருகைக் கீறுகிறது. பிறகு வெறும் தண்ணீர், அழுக்கு அதிகமானால் அமிலமோ காரமோ இல்லாத மென்சோப்பு சில துளிகள். வினிகர் வேண்டாம்.