கிளஸ்டர்டு இன்டெக்ஸ் தேதிக்கா, பிரைமரி கீக்கா?

கேள்வி: எங்கள் மருந்துக்கடைகளின் பில்லிங், எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. பில் டேபிளில் 40 லட்சம் வரிகள். பிரைமரி கீ (ஒவ்வொரு பில்லையும் தனித்துக் காட்டும் அடையாளம்) ஜியுஐடி, அதாவது தானாக உருவாகும் 16 பைட் எண். மாத ரிப்போர்ட்டும் போன் எண் தேடலும் இழுக்கின்றன. பில் தேதிக்கு கிளஸ்டர்டு இன்டெக்ஸ் போடுவதா, நான்-கிளஸ்டர்டு போதுமா? புது சர்வர் வாங்கச் சொல்கிறார் கன்சல்டன்ட்.

பதில்: அந்த கொட்டேஷனை முதலில் ஓரமாக வையுங்கள். தேதிக்கு கிளஸ்டர்டு, போன் எண்ணுக்கு நான்-கிளஸ்டர்டு.

இன்டெக்ஸ் என்பது வரிகளை வேகமாகத் தேட உதவும் வரிசை. கிளஸ்டர்டு என்றால் டேபிளின் வரிகளே அந்த வரிசையில் இருக்கும். அதனால்தான் டேபிளுக்கு ஒன்றே ஒன்று. நான்-கிளஸ்டர்டு தனிப் பட்டியல். அதில் இல்லாத விவரத்துக்கு டேபிளுக்குள் போய்வர வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் பத்துப் பில்லுக்கு அது ஒன்றுமில்லை. மாதம் முழுக்க என்றால், அத்தனை முறை போய்வருவதைவிட டேபிளையே படித்துவிடலாம் என்று சர்வர் உங்கள் இன்டெக்ஸைத் தொடாமலே விட்டுவிடும்.

இப்போது அந்த ஒரே கிளஸ்டர்டு இடத்தில் உட்கார்ந்திருப்பது ஜியுஐடியாகத்தான் இருக்கும். வேறு சொல்லாவிட்டால் பிரைமரி கீயையே கிளஸ்டர்டு ஆக்கிவிடுவது இந்த சர்வரின் வழக்கம். எத்தனை வருடமாகச் சொன்னாலும் சாஃப்ட்வேர் போடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஜியுஐடி தாறுமாறாக வருவதால் புதுப் பில் நடுவில் நுழைகிறது, வரிகளைச் சேமிக்கும் 8 கேபி பக்கம் நிரம்பியிருந்தால் இரண்டாக உடைகிறது. போதாததற்கு அந்த 16 பைட், ஒவ்வொரு நான்-கிளஸ்டர்டு இன்டெக்ஸிலும் ஏறிக்கொள்கிறது. அது பிரைமரி கீயாகவே இருக்கட்டும், நான்-கிளஸ்டர்டாக.

ஜியுஐடியை சர்வரே ஏறுவரிசையில் உருவாக்கினால் பக்கம் உடைவது குறையும், உண்மைதான். ஆனால் விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தால் வரிசை மறுபடி கீழிருந்து தொடங்கலாம். நாலு கிளையில் நாலு சர்வர் உருவாக்கினால் நாலு வரிசை. அப்படியே ஒழுங்காக வந்தாலும் உங்கள் மாத ரிப்போர்ட் தேதியைத்தானே கேட்கிறது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. குவரி பிளானில் (தேடலை எப்படிச் செய்கிறது என்று சர்வர் காட்டும் படம்) 'இன்டெக்ஸ் இல்லை' என்று பச்சை எழுத்தில் வரும் ஆலோசனையை அப்படியே காப்பியடித்து, பதினைந்து இன்டெக்ஸ் போட்டு, 'டியூனிங்' என்று பணம் வாங்குவார்கள். அந்த ஆலோசனை நான்-கிளஸ்டர்டை மட்டுமே சொல்லும். ஏற்கெனவே அதே மாதிரி ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்காது. பில் போடும் ஒவ்வொரு முறையும் அத்தனையிலும் எழுத வேண்டியது உங்கள் சர்வர்தான்.

மாற்றும்போது டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும். கடை மூடிய பிறகு, பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பில் ஐட்டம் டேபிளை பில் டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீயைக் கழற்றி மாட்ட வேண்டிவரும். ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இது வராது என்பார்கள். எழுத்தில் கேளுங்கள்.