பதிவை ரத்து செய்தால் சங்கத்தையே மூடியதாகுமா?

கேள்வி: தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் பீடி சுற்றும் பெண்களின் உரிமைகளுக்காகச் சங்கம் நடத்துகிறோம். காவல் நிலைய அத்துமீறல் ஒன்றைப் பற்றி மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பினோம். சில மாதத்தில், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று பதிவை ரத்து செய்துவிட்டார்கள். நோட்டீஸ் எதுவும் கைக்கு வரவில்லை. வங்கிக் கணக்கும் நின்றுவிட்டது. இனி கூட்டம் போட்டால் கைதா? பேசாமல் வேறு பெயரில் பதிவு செய்துவிடலாமா?

பதில்: கைது பயம் வேண்டாம். பதிவு ரத்து வேறு, தடை வேறு. சங்கம் சேரும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு தந்தது. அதில் பதிவாளர் கைவைக்க முடியாது. அவர் எடுத்தது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 தருகிற சட்ட அந்தஸ்தை மட்டும்தான். அதனால் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரிலுள்ள சொத்தும் சிக்கலாகும். நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பி.எஃப். மனு எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானது என்று தடை செய்ய வேண்டுமானால் மத்திய அரசு ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டப்படி அரசிதழில் அறிவித்து, 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் விஷயம் அந்தப் பக்கமே போகவில்லை.

சரி, உத்தரவைக் கையில் எடுங்கள். எந்தப் பிரிவின் கீழ் என்று முதலில் பாருங்கள். 1975 சட்டத்தில் 36 விசாரணை, 37 பதிவு ரத்து, 44 செயல்படாத சங்கத்தின் பெயரை நீக்குவது. ஆணையத்துக்கே புகார் அனுப்பிய சங்கத்தைச் 'செயல்படாதது' என்று எழுதியிருந்தால், உங்கள் புகாரின் ஒப்புகைச் சீட்டே பதில் சொல்லிவிடும்.

அடுத்து நோட்டீஸ். 'பார்வை' என்று உத்தரவின் தலையில் கடித எண்களும் தேதிகளும் இருக்கும். அந்தக் கடிதம் எந்த முகவரிக்குப் போனது, தபால் திரும்பியதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய செயலாளர் வீட்டுக்குப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் நிர்வாகிகள் மாறியதை நீங்கள் ஏழாம் படிவத்தில் தெரிவித்தீர்களா? மனு எழுதுவதில் இருக்கும் வேகம் நம் ஆட்களுக்குக் கணக்கு எழுதுவதில் இருப்பதில்லை. தெரிவிக்கவில்லை என்றால் வாதம் பலவீனமாகும், அதற்காகச் செத்துப்போகாது.

நோட்டீஸ் சார்பு ஆகவில்லை, அதாவது முறைப்படி உங்கள் கையில் சேரவில்லை என்பதுதான் உங்கள் பலம். இதற்குப் பழைய தீர்ப்பே இருக்கிறது. 1950-ல் மதராஸ் அரசு மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன் செயலாளர் வி.ஜி. ராவ் வழக்காடினார். அரசு திருப்திப்பட்டால் மட்டும் போதாது, காரணத்தை நீதிமன்றம் சோதிக்க வழி வேண்டும், உத்தரவு உறுப்பினர்களுக்குத் தெரியவும் ஏற்பாடு வேண்டும் என்று 1952-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கு வேறு சட்டத்தில் வருகிறது என்றாலும் அடிப்படை அதுவே.

மேல்முறையீட்டுக்குப் போ என்று சிலர் சொல்வார்கள். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதி மீறப்பட்டால் மாற்று வழி இருந்தாலும் நேராக உயர் நீதிமன்றம் வரலாம். மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள். சங்கம் முதல் மனுதாரர், செயலாளர் தன் பெயரில் இரண்டாவது மனுதாரர். பதிவே இல்லாத சங்கம் எப்படி வழக்குப் போடும் என்று எதிர்த்தரப்பு கேட்டால் செயலாளரின் பெயர் அப்போது உதவும். விடுபட்ட கணக்குகளைத் தணிக்கை செய்து, மனுவோடு சேர்த்துவிடுங்கள். பழிவாங்கல் என்பதைக் கடைசியில், புகார்த் தேதியையும் ரத்துத் தேதியையும் அருகருகே போட்டு ஒரே பத்தியில் சொன்னால் போதும். பக்கம் பக்கமாக எழுதினால் நீதிபதி புரட்டிவிடுவார்.

வெளிநாட்டு நிதி வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010. அங்கே ரத்தானால் 3 ஆண்டு மறுபதிவு கிடையாது. இங்கே கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் இந்தச் சட்டம் எல்லோருக்கும் பரிச்சயம். பொதுக் காரணத்துக்காக மறியலை ஆதரித்தது என்பதற்காக மட்டும், அரசியல் நோக்கமில்லாத அமைப்பின் நிதியை நிறுத்தக்கூடாது என்று 2020-ல் இன்சாஃப் (இந்தியன் சோஷியல் ஆக்‌ஷன் ஃபோரம்) என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேறு பெயரில் பதிவு இப்போது வேண்டாம். பழைய சங்கம் முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். வங்கியில் கிடக்கும் பணமும் புதுச் சங்கத்துக்கு வராது. வழக்குத் தொடரச் செயலாளருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை இந்த வாரமே மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.