தடுத்தவன் எங்கே நின்றான்?

வணக்கம் ரீச்சர்,

நான் ஒட்டுசுட்டான் பக்கம். வயது 24. முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். உயர்தரம் முடியும்வரை பள்ளிக்கூட அணிக்குக் கூடைப்பந்து விளையாடினேன். போன மாதம் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்கு வரவேண்டிய மத்தியஸ்தர் ஒருவர் வரவில்லை. எங்கள் பழைய பி.ரி. சேர் என் கையில் விசிலைத் தந்து, பொடியன்களின் ஆட்டத்துக்கு இரண்டாவது ஆளாக நில் என்றார்.

நாலாவது கால்பகுதியில் ஒருவன் இடது கரையால் பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக வந்தான். தோளைத் தாழ்த்தி உள்ளே வெட்டினான். பாயப் போகும்போது மற்ற அணிப் பொடியன் ஒருவனோடு மோத, அவன் விழுந்தான். நான் விசில் ஊதி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, விழுந்தவன் மறித்ததாகக் காட்டினேன். அது அவனுக்கு ஐந்தாவது பவுல். வெளியே போய்விட்டான். அந்த அணி 2 புள்ளியால் தோற்றது. பிறகு ஒருவர் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். விழுந்தவன் முதலே வந்து நேராக நின்றிருக்கிறான். பவுல் பந்தோடு வந்தவன் பக்கம்.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் இப்பிடித்தான்" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அம்மா, "இருக்கிற பேரையும் கெடுக்காதை" என்கிறா. மத்தியஸ்தர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று எனக்கு மூன்று வருட ஆசை. இனி அதை விட்டுவிடுவதா? அந்தப் பொடியனிடம் நான் பிழைவிட்டதைச் சொல்வதா?

— ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

*

அன்பின் பிள்ளைக்கு,

பரீட்சைக்குப் போங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சமெல்லாம் அந்த ஒரு பவுலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பந்தோடு வந்தவன் எந்தக் கரையால் வந்தான், தோளை எப்படித் தாழ்த்தினான், எங்கே வெட்டினான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மற்றவனைப் பற்றி இருப்பது, "அவன் விழுந்தான்" மட்டும்தான். விழுவதற்கு முன் அவன் எங்கே நின்றான் என்று ஒரு சொல் இல்லை. வீடியோ பார்த்த பிறகுதான் அது வருகிறது. அப்படியென்றால் அந்த இரண்டு செக்கனும் உங்கள் கண் பந்தோடு போயிருக்கிறது. விளையாடிப் பழகிய கண் அப்படித்தான் போகும். பந்து எங்கே, கூடை எங்கே என்று ஏழெட்டு வருடம் பழக்கிய கண் அது. விசிலைக் கையில் எடுத்த அன்றே அது மாறிவிடாது.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது மொத்தம் 13 விதிகள்தான். அதில் இரண்டு விதிகளை நான் என் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். மைதானத்தில் இரண்டு நடுவர்கள். ஒருவர் ஆட்களைப் பார்க்க வேண்டும், பவுல் அவர் பொறுப்பு. மற்றவர் பந்தைப் பார்க்க வேண்டும், பந்து வெளியே போனதா, யாருக்குச் சேர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. இன்றைக்கு இரண்டு பேருமே இரண்டு வேலையையும் செய்கிறோம். ஆனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண் வேண்டும் என்று அந்த மனிதர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கண்ணைத்தான் நீங்கள் இனிப் பழக்க வேண்டும்.

மோதலில் முதலில் பார்க்க வேண்டியது தடுக்கிறவனை. அவன் எதிராளிக்கு முகம் கொடுத்து, இரண்டு காலையும் தரையில் வைத்துவிட்டானா? வைத்துவிட்டான் என்றால் அந்த இடம் அவனுடையது. பிறகு அவன் பின்னுக்கோ பக்கவாட்டிலோ நகரலாம், கையை நேரே மேலே தூக்கலாம், நின்ற இடத்திலேயே துள்ளலாம். அப்போது வந்தவன் அவன் நெஞ்சில் மோதினால் பவுல் வந்தவனுக்கு. எங்கள் மைதானக் கரைகளில், "அவன் அசைஞ்சவன், அவன் அசைஞ்சவன்" என்று கத்துவார்களே, அதைக் காதில் வாங்காதீர்கள். அசைவது குற்றமில்லை. தடுக்கிறவன் முன்னுக்குப் போய் மோதினாலோ, வந்தவன் தரையை விட்டு எழும்பிய பிறகு அவன் பாதைக்குள் புகுந்தாலோ, இடுப்பையோ முழங்காலையோ வெளியே நீட்டி மறித்தாலோதான் குற்றம். பந்தோடு வருகிறவனுக்கு இவ்வளவு தூரம் விட வேண்டும் என்றும் விதியில்லை. பந்து கையில் இருந்தால், எந்த நேரமும் ஒருவன் முன்னால் வந்து நிற்கலாம் என்று அவன் எதிர்பார்த்தே ஓட வேண்டும்.

இதை வாசிக்க இலகு. மைதானத்தில் அரைச் செக்கன்தான். எனக்குத் தெரிந்து கூடைப்பந்தில் இதைவிடக் கடினமான தீர்ப்பு இல்லை. நீங்கள் பிழைவிட்டது அந்த இடத்தில்தான் என்பதால் எனக்கு உங்களில் நம்பிக்கை குறையவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். போனில் ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு, பந்து போகும் இடமெல்லாம் பெருவிரலால் மறைத்துக்கொண்டே பாருங்கள். முதல் நாள் தலையிடிக்கும். ஒரு கிழமையில் பந்தில்லாத எட்டு ஒன்பது பேரும் என்ன செய்கிறார்கள் என்று தெரியத் தொடங்கும். யார் யாருடைய சட்டையைப் பிடிக்கிறான், யார் முழங்கையை விரிக்கிறான் என்று.

எனக்கும் ஒரு முழங்கை நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெண் பிள்ளைகளின் ஆட்டம். பின்னேரக் காற்றுக்குச் செம்புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. கூடைக்குக் கீழே ஒரு பிள்ளை முழங்கையை விரிக்கப் போவதை நான் முதலே கண்டுவிட்டேன். விசிலை ஊதினேன். காற்றுத்தான் வந்தது. உள்ளே இருக்கிற குண்டு, எச்சிலும் புழுதியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. திரும்ப ஊதுவதற்குள் மற்றப் பிள்ளையின் உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டையில் இரத்தம். அந்தப் பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்தது. நான் கண்டேன் என்பது அதற்குத் தெரியும். கண்டும் ஏன் ஊதவில்லை என்ற பார்வை அது. இன்றைக்கும் அந்த முகம் என்னோடு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஏன் மனம் ஆறவில்லை என்று எனக்கு விளங்கும்.

பல வருடம் கழித்துத்தான் ரொன் ஃபொக்ஸ்குரொஃப்ட் என்ற கனடா நாட்டு நடுவரைப் பற்றி அறிந்தேன். 1984இல் பிரேசிலில் ஒலிம்பிக்குக்கு முந்திய தகுதிகாண் போட்டியில், ஒரு பவுலுக்கு ஊதும்போது அவருடைய விசிலும் இப்படியே ஊமையாகிப் போயிருக்கிறது. மைதானம் முழுக்க அவரைத் திட்டியது. அவர் திரும்பிப் போய், உள்ளே குண்டே இல்லாத விசில் ஒன்றைச் செய்வித்தார். அதுதான் ஃபொக்ஸ் 40. நனைந்தாலும் ஊதும். உங்கள் கையில் பி.ரி. சேர் தந்தது குண்டு விசில் என்றால், முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இனிப் படிப்பு. விதிநூலை உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா (FIBA) தன் இணையத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான். ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு விதியையும் உங்கள் தமிழில் எழுதுங்கள், ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல. முன்பள்ளியில் படிப்பிக்கிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாக வரும். எழுத முடியாமல் நிற்கிற இடம்தான் விளங்காத இடம். உடல்தகுதிக்கு 20 மீற்றர் தூரத்தில் இரண்டு தடி நட்டு, சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் ஓட்டத்தைக் காலையில், வெயில் ஏறுமுன் ஓடுங்கள். சத்தம் வரவர வேகமாகும், அதுதான் அதன் கஷ்டம். பரீட்சை எப்போது, எங்கே என்பதை உங்கள் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பி.ரி. சேரிடமும் ஒரு சொல் போட்டு வையுங்கள்.

அதுவரை விசிலோடு மட்டும் நிற்காமல் மேசையிலும் இருங்கள். புள்ளித்தாள் எழுதுங்கள். முதலாம், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனை, மற்ற இரண்டுக்கும் கடும் நீலம். எந்த இலக்கக்காரனுக்கு எத்தனையாவது பவுல் என்று உங்கள் கையாலேயே பெட்டியில் எழுதும்போதுதான், மைதானத்தில் நின்று காட்டுகிற கைச்சைகை எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்று தெரியும். கையை முஷ்டியாக நேரே மேலே தூக்கி மணிக்கூட்டை நிறுத்துவது, மேசைக்கு முன்னால் வந்து நின்று இலக்கத்தைக் காட்டுவது, என்ன பவுல் என்று காட்டுவது, அடுத்தது என்ன என்று காட்டுவது. நான் இந்த வேலையை விரும்பியதே இதனால்தான். எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனையோ தீர்ப்பு ஏன் என்று சொல்லப்படாமலே வந்து விழுந்திருக்கிறது. இங்கே ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால், என்ன செய்தாய் என்று எல்லோருக்கும் முன்னால் கையால் காட்டித்தான் அனுப்ப முடியும்.

வன்னிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். துணுக்காய்ப் பக்கமோ மடுப் பக்கமோ இருந்து வருகிற பல பிள்ளைகள் மண் தரையில் பழகியவர்கள். சில பள்ளிக்கூடங்களில் வலைப்பந்துக் கம்பம் மட்டும்தான் நிற்கும். உயரம் அதுவும் 3.05 மீற்றர்தான், ஆனால் பலகை இல்லை, வளையமும் சிறிது. அதில் எறிந்து பழகிய பிள்ளையின் கை சுத்தமாக இருக்கும். பந்து தட்டுவதில்தான் பிரச்சினை. மண்ணில் பந்து நேரே எழும்பாது, அதனால் பிடித்துக்கொண்டு ஒரு அடி கூட வைப்பார்கள். சீமெந்துத் தரைக்கு வந்ததும் எல்லாம் ட்ரவலிங், பந்தைத் தட்டாமல் அடி வைக்கிற குற்றம். பாவம் என்று விடாதீர்கள். விட்டால் மாகாண மட்டத்தில் வேறொருவர் ஊதும்போது அந்தப் பிள்ளை திகைத்துப்போகும். ஊதுங்கள். ஊதிவிட்டு, பந்தை மற்ற அணிக்குக் கொடுக்கப் போகிற அந்த நேரத்தில், "ஊன்றின கால் எழும்பீட்டுது, முதல் தட்டு, பிறகு எடு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். சின்ன வகுப்புப் போட்டிகளில் இதற்கு ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

கத்தின பெரியவருக்கு வருகிறேன். பயிற்றுநர் எல்லை மீறினால், நடத்தைக்காகக் கொடுக்கிற டெக்னிக்கல் பவுல் உங்கள் கையில் இருக்கிறது. கரையில் நிற்கிறவருக்கு அது இல்லை. பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஆட்டத்தை நடத்துங்கள். அவர் உங்களைப் பெண் என்று சொன்னது எனக்குக் கோபம்தான். அந்தப் பவுலில் ஆண்கள் பிழைவிட்டதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், அப்போது ஒருவரும் ஆம்பிளை என்று கத்தவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், 1997இலேயே வயலட் பாமர், டீ கான்ட்னர் என்ற இரண்டு பெண்கள் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களில், உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்கள் நடுவில் விசில் ஊதத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக அந்தப் பொடியன். சொல்லுங்கள். மூத்த நடுவர்கள் சிலர் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதே என்பார்கள், நான் அவர்களோடு உடன்படுவதில்லை. ஆட்ட முடிவு மாறாது, அப்படி ஒரு பவுலைத் திரும்ப எடுக்க விதியும் இடம் தராது. ஆனால் அவன் சரியாகத்தான் நின்றான். அது அவனுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை ஒருவன் பாய்ந்து வரும்போது விலகி விடுவான். ஒன்று மட்டும் கவனம்: அவனுடைய அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் நிற்க நேர்ந்தால், ஈடுகட்டுகிறேன் என்று அவனுக்குச் சாதகமாக ஒன்றுகூட ஊதக் கூடாது. முதல் பிழை கண்ணுக்குள் நடந்தது. இரண்டாவது மனதறிய நடக்கும்.

ஒரு சனிக்கிழமை வவுனியாவுக்கு வாருங்கள், மாங்குளம் வந்தால் பஸ் இருக்கிறது. என் முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளை ஆட்களாக வைத்து, நீங்கள் நின்ற இடத்தையும் நிற்க வேண்டிய இடத்தையும் நடந்து பார்ப்போம். அவன் வீட்டில் கேட்டு, அந்தப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கே நின்றான் என்று அவனே காட்டட்டும்.