கடலுக்குப் போகும் பாதையில் முள்கம்பி: என்ன செய்யலாம்?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஊரிலிருந்து கடலுக்குப் போகும் மணல் பாதையை, தோப்பை வாங்கியவர் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். ரிசார்ட் வரப்போகிறதாம். பாசி எடுக்கிற பெண்களும் வலை சுமப்பவர்களும் சுற்றித்தான் போகிறார்கள். கம்பியை வெட்டிவிடலாமா?"

வெட்டாதீர்கள். வெட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும், பாதையைப் பற்றிய பேச்சே காணாமல் போய்விடும்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள், மறியலெல்லாம் அப்புறம். சர்வே எண் தெரிந்தால் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு) அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். பாதைக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, புறம்போக்கு என்றும் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லி தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு நகல். பொதுவழியை மறித்ததை அகற்ற ஆர்டிஓவும் (வருவாய்க் கோட்டாட்சியர்) பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் உத்தரவு போடலாம்.

பாதை அவர் பட்டாவுக்குள் விழுந்தால்தான் சிக்கல். அப்போதும் விட்டுவிட வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் (அந்த நிலத்தின் பத்திரப்பதிவு விவரம்) போட்டு, அவருக்கு விற்றவரின் பத்திரம், அதற்கும் முந்தைய பத்திரம் என்று நகல் எடுத்து, நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கெல்லையைப் படியுங்கள். "கடலுக்குப் போகும் பாதைக்கு மேற்கு" என்றோ "மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட" (வழக்கமாக நடந்துபோகும் உரிமையும் சேர்த்து) என்றோ ஒரு வரி இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஊர் மொத்தமும் காலங்காலமாக நடந்த வழி என்றால் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமை) சட்டத்தின் 18ஆவது பிரிவு வழக்கத்தால் வந்த உரிமையை ஏற்கிறது. ஆனால் அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும், இழுக்கும்.

ரிசார்ட் என்பது உண்மையானால் உங்கள் கை இன்னும் ஓங்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில், வேலி பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே 20 மீட்டராவது வழி விடவேண்டும் என்றே இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவுக்கு எழுதுங்கள். விதிமீறல் என்று பசுமைத் தீர்ப்பாயம் போவதானால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், அதனால் வேலி போட்ட தேதி தெரியும்படி இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குப் போகும் உரிமையை இதே மனுவில் சேர்க்காதீர்கள். அவை தேசியப் பூங்கா, சட்டமும் வேறு, அலுவலகமும் வேறு. சேர்த்தால் மனு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் நடுவே பந்தாடப்படும். அடுத்த கிராமசபையில் பாதையின் சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு, அதன் நகலை மனுவோடு இணையுங்கள்.