கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டால் நகர ஓடைகளில் புதுவகைக் கரிம மாசுகள் (வழக்கமான சோதனைகள் தேடாத கார்பன் சேர்மங்கள்) இருக்காதா?

இருக்கும். குழாய் வழியே வந்து சேரும் நீரைத்தான் சுத்திகரிப்பு நிலையத்தால் கவனிக்க முடியும். சாலையைக் கழுவிக்கொண்டு மழைநீர் வடிகால் வழியாக நேரே ஓடையில் இறங்கும் நீர் அங்கே போவதே இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓடைகளைவிட இதற்குத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. நீர் வேதியியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

1990களில் அங்குள்ள ஓடைகளைச் சீரமைத்து, முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்களுக்கு வழி செய்தார்கள். மீன்கள் வந்தன, ஆனால் இலையுதிர்கால மழை பெய்ததும் வாயைப் பிளந்து, நிலை தடுமாறி, சில மணி நேரத்தில் வயிறு நிறைய முட்டையோடு செத்தன. சில ஓடைகளில் பாதிக்கும் மேல் இப்படி மாண்டன. வெப்பம், ஆக்சிஜன், நோய், பூச்சிக்கொல்லி, உலோகங்கள் என ஒவ்வொன்றாக ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை.

2020 டிசம்பரில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். சாலை நீரில் கலக்கும் டயர் துகள்களைச் சந்தேகித்து, அவற்றை ஊறவைத்த நீரில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் படிப்படியாகப் பிரித்து, பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் இளம் மீன்களை விட்டுப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள். ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி, காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது, கொல்வது அதுதான். எந்தத் தொழிற்சாலையும் விற்பனைக்குத் தயாரிக்காத, அப்போது எந்தக் கண்காணிப்புப் பட்டியலிலும் இடம்பெறாத பொருள் என்பதால், வழக்கமான சோதனைகள் அதைத் தேடவே இல்லை. லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தாலே இளம் கோஹோ மீன்களில் பாதி இறந்துவிடும் என்று பின்னர் செய்த துல்லியமான அளவீடு காட்டியது. அதே ஓடைகளுக்கு வரும் ‘சம்’ என்ற வேறொரு சால்மன் இனத்துக்கோ ஒன்றும் ஆவதில்லை. ஆகவே, ஓர் இனத்தை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு ஒரு பொருளைப் பாதுகாப்பானது என்று அறிவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. நச்சு எதுவென்று தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண் அடுக்கின் வழியே வடித்துவிட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது என்று அங்கே சோதனையில் காட்டியிருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு சாலையோரத்திலும் மண் வடிகட்டி அமைப்பது நடக்கிற காரியமல்ல என்பதால், டயரிலேயே மாற்றம் வந்தாக வேண்டும். யூராக் உள்ளிட்ட மூன்று பழங்குடி மக்கள் கொடுத்த மனுவை 2023 நவம்பரில் ஏற்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, டயர்களில் 6பிபிடி பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதற்கான விதிமுறைப் பணியைத் தொடங்க ஒப்புக்கொண்டது.